ஏரிக்கும் ஒரு கணக்குப் புத்தகம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீட்டு வேலை, ரெண்டு மாடு, அதோட எங்க குழுவில் கணக்கு எழுதுற வேலை. கடன், சேமிப்பு, தொழில் பத்தியெல்லாம் எனக்கு முன்னாடி பேசினவங்க நல்லா சொல்லிட்டாங்க. என்னை ஏரியைப் பத்திப் பேசச் சொன்னாங்க. ஏரியும் ஒரு சேமிப்புதான். அதனால கணக்கு எழுதுறவளாவே பேசுறேன்.

நம்ம பக்கத்துக்கு ஏரி மாவட்டம்னு ஒரு பேரு உண்டு. இங்க ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ஏரி, ஏரிக்கு மேல ஒரு தாங்கல், ஏரிக்குக் கீழ கழனி. மேல் ஊர் ஏரி நிரம்பினா கலங்கல் வழியா வழிஞ்சு, போக்குக் கால்வாய்ல ஓடி, அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். நமக்குப் போக்குக் கால்வாய் எதுவோ அதுதான் கீழ் ஊருக்கு வரவுக் கால்வாய். இப்படி ஏரிக்கு ஏரி கை கோத்து நிக்குது. மலைப்பட்டு, மணிமங்கலம், ஆதனூர் ஏரிகளில் இருந்து வழியுற தண்ணிதான் அடையாறு ஆரம்பிக்கிற இடம். அங்கிருந்து வரதராஜபுரம், முடிச்சூர், திருநீர்மலை, அனகாபுத்தூர், மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியா சுமார் 42 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேருது.

ஒரு ஆத்துக்கோ ஏரிக்கோ தண்ணி வந்து சேர்கிற நிலம் முழுசையும் நீர்ப்பிடிப்புப் பகுதின்னு சொல்றாங்க. ஓட்டு வீட்டுக் கூரையை நினைச்சுக்கோங்க. எந்த ஓட்டில் மழை விழுந்தாலும் அது சரிவு பாத்து ஓடி ஒரே தூம்பில் வந்து விழும். அடையாத்துக்கு நாமதான் கூரை. சென்னையில் இருக்கிறவங்க வாசல்ல நிக்கிறாங்க. கூரையில் நாம என்ன பண்றோமோ அது வாசல்ல தெரியும்.

அது எப்படித் தெரிஞ்சதுன்னு ரெண்டு வருஷத்துக் கணக்கைச் சொல்றேன்.

முதல் வருஷம் 2015. டிசம்பர் 1ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலை வரைக்கும் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தாங்க. உச்சமா விநாடிக்கு 29,000 கன அடி விட்டாங்க. ஒரு கன அடின்னா 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல. அப்போ விநாடிக்கு 8 லட்சம் லிட்டருக்கு மேல. 9,000 லிட்டர் பிடிக்கிற தண்ணி லாரி 90, ஒரே விநாடியில் போற மாதிரி. அந்த வெள்ளத்தில் எத்தனை வீடு, எத்தனை உயிர் போச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

அடுத்த வருஷம் 2019. நாலே வருஷம் கழிச்சு பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு போச்சு. ஜூலை மாசம் ஜோலார்பேட்டையில் இருந்து சென்னைக்கு ரயில்ல தண்ணி கொண்டு வந்தாங்க. 50 வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். கணக்குப் போட்டுப் பாருங்க. 2015ல செம்பரம்பாக்கத்தில் இருந்து மூணு விநாடியில் ஓடிப்போன தண்ணிதான் 2019ல ஒரு ரயில் முழுக்க வந்த தண்ணி!

வந்தப்போ பிடிச்சு வைக்க இடமில்ல. வேணுங்கிறப்போ எடுக்கக் கையிருப்பு இல்ல. நம்ம குழுவில் ஒருத்தர் கணக்கு இப்படி இருந்தா விட்டுடுவோமா? கூட்டம் போட்டுக் கேக்க மாட்டோமா?

2015 வெள்ளம்னாலே எல்லாரும் செம்பரம்பாக்கத்தைத்தான் சொல்வாங்க. ஆனா செம்பரம்பாக்கத்து உபரித் தண்ணி அடையாத்தில் வந்து சேர்கிற இடம் திருநீர்மலை. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதுக்கு மேல இருக்கிற ஊருங்க. அங்கயும் மாடி வரைக்கும் தண்ணி நின்னுச்சு, படகு விட்டு ஆளுங்களை எடுத்தாங்க. அந்தத் தண்ணி எங்கிருந்து வந்தது? நம்ம பக்கத்து ஏரிங்க நிரம்பி, உடைஞ்சு, வழிஞ்சு வந்த தண்ணி. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழையிலயும் அந்தப் பக்கம் தண்ணி நின்னுச்சு. அதனால சென்னை வெள்ளம் சென்னைக்காரங்க சமாச்சாரம்னு நாம சும்மா இருக்க முடியாது. நம்ம குழுக்களில் பாதிப்பேர் வீட்டுப் பொண்ணுங்களை அந்தப் பக்கம்தான் கட்டிக் கொடுத்திருக்கோம்.

ஏன் இப்படி ஆகுதுன்னு ஒரு சென்ட் நிலத்தை வெச்சே சொல்றேன். ஒரு சென்ட்ல ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தா 400 லிட்டர் தண்ணி. நம்ம குடத்தில் 27 குடம். 2015ல ஒரே நாள்ல பெய்த 49 சென்டிமீட்டர் மழைக்கு, ஒரு சென்ட்டுக்கு 20,000 லிட்டர். அந்த ஒரு சென்ட் கழனியா இருந்தா வரப்பு கட்டி நிறுத்தும், மண்ணு குடிக்கும், மிச்சம் மெதுவா ஏரிக்குப் போகும். அதே ஒரு சென்ட் சிமென்ட் தரையா இருந்தா, விழுந்த தண்ணி விழுந்த வேகத்தில் தெருவுக்கு ஓடும். ஒரு ஏக்கர் கழனி மனையாகும்போது நூறு சென்ட் மாறுது. எத்தனை ஏக்கர் மாறியிருக்குன்னு பஸ்ல வரும்போது ஜன்னல் வழியா பாத்தாலே தெரியும். ஓடி வர்ற தண்ணி அதிகமாகுது, அதுக்கு வழிவிடுற கால்வாய் குறுகிப் போகுது. ரெண்டும் சேர்ந்தா வெள்ளம். மண்ணுக்குள்ள இறங்குற தண்ணி குறையுது, கிணறு வத்துது. அதுதான் கோடையில் வறட்சி. வெள்ளமும் வறட்சியும் அக்கா தங்கச்சிங்க.

சரி, நாம என்ன பண்ண முடியும்? மூணு வேலை சொல்றேன். இது எங்க ஊர்ல நாங்க ஆரம்பிச்சது.

முதல் வேலை: கணக்கு எழுதுறது

ஆராய்ச்சின்னா பெரிய படிப்பு படிச்சவங்க வேலைன்னு நினைக்காதீங்க. பல்கலைக்கழகத்தில் இருக்கிறவங்க கம்ப்யூட்டர்ல வரைபடம் போட்டு, எவ்வளவு மழைக்கு எங்க தண்ணி ஏறும்னு கணக்குப் போடுறாங்க. அது வேணும். ஆனா எங்க ஊர் மதகுல இன்னைக்கு எத்தனை அடி தண்ணின்னு தினமும் பாக்கிறது நாமதான். ஒவ்வொரு வாரமும் விடாம எழுதினா அதுவும் ஆராய்ச்சிதான்.

எங்க குழுவில் ஒரு நோட்டுப் போட்டோம். அதில் மூணு பத்தி. ஒண்ணு மழை. அடியும் வாயும் ஒரே அகலமா இருக்கிற நேரான டப்பா ஒண்ணைத் திறந்தவெளியில், மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வைக்கணும். காலையில் ஸ்கேல் வெச்சு எத்தனை மில்லிமீட்டர்னு பாத்து எழுதிட்டுக் கொட்டிடணும். டப்பா பெருசா சின்னதாங்கிறது முக்கியமில்ல, நேரா இருந்தா போதும். ரெண்டாவது ஏரி மட்டம். மதகுக் கல்லில் ஊராட்சி அனுமதியோட பெயின்ட்ல அடிக் கோடு போட்டோம். குழுக் கூட்டம் நடக்கிற நாள்ல ஒருத்தர் போய்ப் பாத்துட்டு வருவாங்க. மூணாவது கிணறு. தாம்புக் கயித்துல அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, தண்ணி எத்தனை அடி ஆழத்தில் இருக்குன்னு மாசம் ஒருமுறை பாக்கிறது.

ரெண்டாவது ஐப்பசி கார்த்திகை வந்தப்போ நோட்டு ஒரு விஷயம் சொல்லுச்சு. முந்தின வருஷத்தைவிட மழை அதிகம், ஆனா ஏரி மட்டம் அந்த அளவுக்கு ஏறல. அப்போ வர்ற வழியில் எங்கயோ அடைப்பு இருக்கணும். கிராம நிர்வாக அலுவலர்கிட்ட ஊர் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, பத்துப் பதினைஞ்சு பேரா வரவுக் கால்வாயை மேல் முனை வரைக்கும் நடந்து பாத்தோம். வரைபடத்தில் கால்வாய் அகலமா போகுது. தரையில் ஒரு இடத்தில் புது மனைப்பிரிவுக்குப் போற ரோட்டுக்கு அடியில் ஒரே ஒரு சின்னக் குழாய். அதுவும் கட்டட இடிபாடு கொட்டி முக்கால்வாசி மூடியிருந்தது.

இன்னொரு கணக்கு தண்ணியோட தரம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு ஊர்லயும் 5 பெண்களுக்குத் தண்ணி பரிசோதனை பண்ணப் பயிற்சி கொடுக்கணும்னு இருக்கு. உங்க ஊர்ல அந்த 5 பேர் யாருன்னு கேளுங்க. பரிசோதனைப் பெட்டி ஊராட்சியில் இருக்கான்னு கேளுங்க. குடிக்கிற தண்ணியில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது. செப்டிக் டேங்க் கழிவும் உரமும் மண்ணுக்குள்ள இறங்கினா இது ஏறும். தண்ணியைக் கொதிக்க வெச்சா கிருமி சாகும், ஆனா நைட்ரேட் போகாது. கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கிற வீட்டுல இதை அவசியம் தெரிஞ்சு வெச்சுக்கணும், ஏன்னா சின்னக் குழந்தைங்களுக்குத்தான் இதுல ஆபத்து அதிகம். ஏரியில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தா அதைப் பிடுங்கிப் போட்டா மட்டும் போதாது. அதுக்குச் சாப்பாடு போடுறது சாக்கடை. சாக்கடை எங்கிருந்து உள்ள வருதுன்னு தேடணும்.

ரெண்டாவது வேலை: கத்துக்கொடுக்கிறது

நோட்டுல எழுதி வெச்சா மட்டும் போதாது, நாலு பேருக்குச் சொல்லணும். நாங்க முதல்ல போனது பள்ளிக்கூடத்துக்கு. அங்க தேசிய பசுமைப் படை, சுற்றுச்சூழல் மன்றம்னு ஏற்கனவே இருக்கு. ஆசிரியர் சந்தோஷமா சேத்துக்கிட்டாங்க. இப்போ மழை அளக்கிறது எட்டாவது பிள்ளைங்க பொறுப்பு. நம்ம பிள்ளைங்களுக்குச் செ.மீ., மி.மீ., பரப்பளவு, கன அளவு எல்லாம் கணக்குப் புத்தகத்தில் இருக்கு. அது நம்ம ஏரிக்கும் மொட்டை மாடிக்கும் பொருந்தும்னு தெரிஞ்சா பாடமும் பிடிக்கும், ஏரியும் பிடிக்கும். 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழைக்குச் சுமார் 900 லிட்டர்னு ஒரு பையன் கணக்குப் போட்டு வீட்டுல சொல்லியிருக்கான். அவங்கப்பா அடுத்த வாரமே மழைநீர்க் குழாயைச் சரி பண்ணிட்டாரு. 2003லயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம் வந்தாச்சு. ஆனா பல வீட்டுல குழாய் இருக்கு, குழியில் மண்ணு மூடிக் கிடக்கு. ஆடி மாசம் ஒருமுறை குழியைச் சுத்தம் பண்ணணும்னு வீடு வீடாச் சொல்ல வேண்டியது நாமதான்.

அடையாறு கடலில் சேர்கிற இடத்துக்குப் பக்கத்தில் தொல்காப்பியப் பூங்கான்னு ஒண்ணு இருக்கு. குப்பை கொட்டிக் கிடந்த உப்பங்கழியைச் சுத்தம் பண்ணி 58 ஏக்கர்ல 2011ல திறந்தாங்க. பள்ளிப் பிள்ளைங்களுக்கு அங்க சொல்லிக் கொடுக்கிறாங்க. கூட்டமைப்பு அடுத்த களப் பயணத்துக்கு அங்க கூட்டிட்டுப் போகணும்னு கேட்டுக்கிறேன். நம்ம கலங்கல்ல வழியுற தண்ணி கடைசியா எப்படிப் போய்ச் சேருதுன்னு நாம ஒருமுறை கண்ணால பாக்கணும்.

மூணாவது வேலை: சேர்ந்து கேக்கிறது

தனியா ஒருத்தி போய்க் கேட்டா "சரிம்மா, பாக்கலாம்"னு சொல்வாங்க. நோட்டோட பத்துப் பேர் போனா பதில் வேற மாதிரி வரும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்னைக்குக் கிராம சபை நடக்குது. அதில் எங்க நோட்டையும் வரைபடத்தையும் வெச்சுப் பேசினோம். தீர்மானம் போட்டாங்க. குழாயில் இருந்த இடிபாட்டை எடுத்தாச்சு. கழிவுநீர் லாரிங்க ராத்திரியில் ஏரிக்கரைக்கு வர்ற வழியில் ஊராட்சி சங்கிலி போட்டாச்சு. அந்த லாரி உரிமம் வாங்கித்தான் ஓடணும், சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொட்டணும். எங்க ஊர் ஆம்பளைங்களே இப்போ வண்டி நம்பரைக் குறிச்சு வெக்கிறாங்க. ஆனா சின்னக் குழாயை எடுத்துட்டுப் பெரிய பாலம் போடுறதும், கால்வாயை அளந்து கல்லு நடுறதும் இன்னும் நடக்கல. மனு கொடுத்திருக்கோம். விடாம கேட்டுட்டு இருக்கோம்.

யார்கிட்ட கேக்கணும்னு தெரிஞ்சுக்கிறதும் முக்கியம். 100 ஏக்கர் ஆயக்கட்டும் அதுக்கு மேலயும் உள்ள ஏரி நீர்வளத்துறை பொறுப்பு. அதுக்குக் கீழ உள்ளது ஊராட்சி ஒன்றியம். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை எடுக்கவும் 2007லயே தனிச் சட்டம் இருக்கு. மனு எழுதும்போது ஏரி பேர், புல எண், எந்த இடத்தில் அடைப்பு, எந்தத் தேதியில் பாத்தீங்க, இதெல்லாம் எழுதினா யாரும் தட்டிக் கழிக்க முடியாது.

இந்த இடத்தில் ஒரு கஷ்டமான விஷயத்தைச் சொல்லியே ஆகணும். அந்த மனைப்பிரிவுல மனை வாங்கினவங்கள்ல நம்ம குழுப் பெண்களும் இருக்காங்க. நகையை அடகு வெச்சு, கடன் வாங்கி, பொண்ணுக்குன்னு ரெண்டு சென்ட் வாங்கியிருக்காங்க. அவங்க மேல கோவப்பட்டு என்ன பிரயோஜனம்? ஏமாத்தி வித்தவன் போயிட்டான். மழை வந்தா முதல்ல முழுகுறது அவங்க வீடு. 2015க்கு அப்புறம் அடையாத்துக் கரையில் குடிசை போட்டிருந்தவங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினாங்க. வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அவங்க பட்ட பாடு கொஞ்சமில்ல. ஆத்தை மறிச்சவங்கன்னு ஏழையை மட்டும் கை காட்டுறது நியாயமில்ல. அடையாத்து மேலயே பாலம் கட்டி விமான ஓடுபாதை போட்டிருக்காங்க, அதையும் சேத்துத்தான் பேசணும்.

அதனால கூட்டமைப்புக்கு என் முக்கியமான கோரிக்கை இது. இனிமே மனை வாங்குறதுக்கு எந்தக் குழுவில் கடன் கொடுத்தாலும், பணம் கைமாறுறதுக்கு முன்னாடி அந்தப் புல எண்ணோட அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் பாக்கணும். வில்லங்கச் சான்று மட்டும் போதாது. அந்த இடம் கால்வாயா, ஓடையா, ஏரி உள்வாயான்னு அதுல தெரியாது. அ-பதிவேடும் புலப்படமும் அரசாங்க இணையதளத்திலேயே பாக்கலாம், நம்ம பிள்ளைங்க செல்போன்ல எடுத்துக் கொடுப்பாங்க. இந்த ஒரு தீர்மானம் போட்டா நம்ம பெண்களோட பணமும் மிஞ்சும், கால்வாயும் மிஞ்சும்.

நம்ம பக்கத்து உத்திரமேரூர்ல ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி, பராந்தக சோழன் காலத்தில், ஏரியைப் பாத்துக்கத் தனியா ஏரி வாரியம் வெச்சிருந்தாங்க. குடவோலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்தாங்க. 35 வயசுக்கு மேல, 70 வயசுக்குக் கீழ, சொந்த நிலம், சொந்த வீடு இருக்கணும்னு கல்வெட்டில் வெட்டி வெச்சிருக்காங்க. பெண்களுக்கு அதுல இடமில்ல. இன்னைக்குத் தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. நிலம் இருக்கா, வீடு இருக்கான்னு யாரும் கேக்கிறதில்ல. கணக்கு எழுதத் தெரியும், கூட்டம் நடத்தத் தெரியும், தவணை தவறாம வசூல் பண்ணத் தெரியும். ஏரி வாரியத்துக்கு இதைவிட என்ன தகுதி வேணும்?

கடைசியா மூணு விஷயம் கேட்டு முடிச்சுக்கிறேன். ஒண்ணு, வர்ற புரட்டாசிக்குள்ள ஒவ்வொரு ஊர்லயும் ஒரு குழுவாவது ஏரி நோட்டு ஆரம்பிக்கணும். ரெண்டு, மனைக் கடனுக்கு முன்னாடி புலப்படம் பாக்கிற தீர்மானத்தைக் கூட்டமைப்பு நிறைவேத்தணும். மூணு, மழைக்காலத்தில் மேல் ஊர்ல கலங்கல் வழிய ஆரம்பிச்ச உடனே கீழ் ஊர்க் குழுவுக்குப் போன் போட்டுச் சொல்ல ஒரு ஏற்பாடு பண்ணணும். அரசாங்கத்து எச்சரிக்கை வரும், வரட்டும். அதுக்கு முன்னாடி "அக்கா, எங்க ஏரி வழியுது, சாமானை மாடிக்கு ஏத்துங்க"ன்னு நம்ம குரல் போய்ச் சேரணும். அதுக்கு ஒரு செல்போனும், மேல் ஊர் கீழ் ஊர்க் குழுத் தலைவிங்க நம்பர் எழுதின ஒரு தாளும் போதும். இன்னைக்குச் சாப்பாட்டுப் பந்தியில் உட்காரும்போது, உங்க ஊருக்குக் கீழ்ப்பக்கத்து ஊர்க்காரங்க பக்கத்தில் உட்கார்ந்து அந்த நம்பரை வாங்கிக்கோங்க.